ஊசிக்கு முன் ஒரு நிமிடம்: வடசென்னைச் செவிலியர்களுக்கும் அங்கன்வாடி டீச்சர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம். பிறவியிலேயே இதயக் குறையுள்ள பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் நாங்கள். காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருக்கிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஊசி போடும் முன் ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்.

ஏன் ஆறாவது வாரம்? இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தாலும், பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகம். ஓட்டை வழியே ரத்தம் அதிகம் பாயாது, ஸ்டெதஸ்கோப்பில் சத்தமும் பல நேரம் கேட்காது. 'எல்லாம் நார்மல்' என்று டிஸ்சார்ஜ் ஆகிவிடும். நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் அந்த அழுத்தம் இறங்க இறங்க, ரத்தம் நுரையீரலில் போய்க் குவியும், மூச்சு வேகமாகும். அதற்குப் பிறகு பால் குடிப்பதே குழந்தைக்குப் பெரிய வேலை. ஆறாவது வாரத்தில் பென்டா தடுப்பூசி போடும் புதன்கிழமை சரியாக இந்த நேரத்தில்தான் வருகிறது.

ஆனால் நம் பகுதியில் ஒவ்வொரு அறிகுறிக்கும் வேறொரு காரணம் தயாராக இருக்கிறது. வேர்த்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மூச்சு வாங்கினால் மணலித் தொழிற்சாலைப் புகை, சளி. எடை ஏறாவிட்டால் தாய்க்குப் பால் பற்றவில்லை. இந்தக் கடைசிப் பழிதான் எங்களுக்கு அதிகம் வலிக்கிறது. இதயம் திணறும் குழந்தைக்குப் பால் குடிக்க ஆரம்பித்ததும் நெற்றியும் தலையும் நனையும். ஃபேன் ஓடினாலும், மார்கழி மாதமானாலும். நாலு வாய் உறிஞ்சும், நிறுத்தி மூச்சு வாங்கும், அப்படியே தூங்கிப்போகும். அரை மணி நேரத்தில் பசித்து அழும். தாயிடம் இதைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

குழந்தை தூங்கும்போது அல்லது அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழு 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும்; சின்னக் குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. 2 மாதத்துக்குள் 60-ம், அதன்பின் ஒரு வயது வரை 50-ம் தொட்டாலே வேகம்தான். இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். அழுதபின் எண்ணினால் கணக்கு நிற்காது, அதனால்தான் ஊசிக்கு முன் என்கிறோம்.

ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் தெரியும் நீலத்தை நகத்தில் தேடாதீர்கள், நாக்கில் பாருங்கள். ஆக்சிஜன் அளவைப் பார்க்கப் பெரியவர்களின் விரல் கிளிப் குழந்தைக்கு உதவாது. சுற்றி ஒட்டும் சென்சாரை வலது கையிலும் ஒரு காலிலும் வைக்க வேண்டும். 90-க்குக் கீழே போனால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இன்னொன்று: நாங்கள் மேலே சொன்ன ஓட்டையுள்ள குழந்தைக்கு 98 கூடக் காட்டும். அந்த எண்ணை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

அங்கன்வாடி டீச்சர்களே, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் ஏற வேண்டும். எடைக்கோடு படுத்துவிட்டால் தாயைத் திட்டும் முன் மூச்சைப் பாருங்கள். களைத்துப்போகும் குழந்தையை 20, 30 நிமிடத்துக்கு மேல் மார்பில் இழுக்க விடாமல், மீதியைப் பீய்ச்சிப் பாலாடையில் தரச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கொரு முறை, தலையை உயர்த்திப் பிடித்து.

'வளர்ந்தால் தானே மூடிவிடும்' என்று மட்டும் சொல்லி அனுப்ப வேண்டாம். சின்ன ஓட்டைகள் பலவும் மூடும் என்பது உண்மை. பெரியதை ஒன்றிரண்டு வருஷம் விட்டுவைத்தால் நுரையீரல் குழாய்கள் தடித்து இறுகி, ஆபரேஷனே செய்ய முடியாமல் போகலாம். எது சின்னது, எது பெரியது என்பது எக்கோ என்னும் இதய ஸ்கேனில்தான் தெரியும். இதயக் குறை என்று தெரிந்தபின் தடுப்பூசியை நிறுத்திவைக்கவும் வேண்டாம். நிமோனியா ஊசி எங்கள் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிக அவசியம்.

எண்ணிய எண்ணையும் தேதியையும் தாய் சேய் அட்டையில் எழுதிக் கொடுங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை வரிசையில் நிற்கும் தாய், "மூச்சு வாங்குது டாக்டர்" என்பதற்குப் பதில் "புதன்கிழமை 64 இருந்துச்சு, சிஸ்டர் எழுதிக் குடுத்தாங்க" என்று அட்டையை நீட்டுவாள்.

இப்படிக்கு,
வடசென்னைப் பெற்றோர்