641-ஐ விட்டுவிட்டீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கணிதப் பக்கத்தில் பெரிய பகா எண்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். அதில் 429,49,67,297 என்ற எண்ணும் இருக்கிறது. அது பகா எண் அல்ல, பகு எண். 641-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் 67,00,417 வரும்.

இதில் நீங்கள் தனியாள் இல்லை. பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே சறுக்கிய இடம் இது. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று போட்டு, ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 வரும். ஐந்தும் பகா எண்கள். இப்படி வருவதெல்லாம் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டில் அவர் நம்பினார். அடுத்து 32-ஐ அடுக்காகப் போட்டால் வருவதுதான் உங்கள் எண். அதை 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் உடைத்துக் காட்டினார்.

641 என்பது 116-ஆவது பகா எண். 2, 3, 5 என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனால் பாதி வழியில் அலுத்துவிடும். ஆய்லர் பிற்பாடு நிறுவிய விதியை வைத்துக்கொண்டால் அந்த அலுப்பு இல்லை. இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது முயற்சியிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறார்!

வகுக்காமலே காட்டவும் வழி உண்டு. 5 × 128 = 640, அதாவது 641-க்கு ஒன்று குறைவு. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது அதன் மீதியை −1 என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு 640-களை ஒன்றோடொன்று பெருக்கினால் மீதி 1. சரி, 128 என்பது 2-இன் 7-ஆம் அடுக்கு, 5-இன் 4-ஆம் அடுக்கு 625. எனவே 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கினால் மீதி 1. 625-ஓ 641-க்கு 16 குறைவு, அதனால் 625 இருக்கும் இடத்தில் −16 போடலாம். 16 என்பது 2-இன் 4-ஆம் அடுக்கு. ஆக 2-இன் 32-ஆம் அடுக்கின் மீதி −1. அதோடு 1 கூட்டினால் மீதி பூஜ்யம். கால்குலேட்டரே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதலாம். 65,536-இன் வர்க்கத்தோடு 1 என்பது ஒன்று. 62,264-இன் வர்க்கத்தோடு 20,449-இன் வர்க்கம் மற்றொன்று. பகா எண் என்றால் ஒரு விதத்துக்கு மேல் இப்படி எழுதவே முடியாது.

பட்டியலைத் திருத்தும்போது அந்த இடத்தில் 214,74,83,647-ஐப் போடுங்கள். 2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வருவது. அது பகா எண்தான் என்று 1772-இல் உறுதி செய்தவரும் அதே ஆய்லர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்