பெரிய நூலகம் கட்டியாயிற்று, இனி ஊர்ப்புற நூலகத்தைக் கவனியுங்கள்

அனுப்புநர்: ஊர்ப்புற நூலக வாசகர் வட்டத்தினர்
பெறுநர்: இயக்குநர் அவர்கள், பொது நூலக இயக்ககம், சென்னை
பொருள்: நூலக வரிக் கணக்கை வெளியிடுதல், ஊர்ப்புற நூலகங்களின் வேலை நேரத்தையும் நூல் தேர்வையும் மாற்றுதல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் வீட்டு வரி ரசீதில் வரி 220 ரூபாய் என்றால் அதற்குக் கீழே நூலக வரி 22 ரூபாய் என்று இருக்கும். ரூபாய்க்குப் பத்துப் பைசா. யாரும் தகராறு செய்வதில்லை, பாதிப் பேருக்கு இப்படி ஒன்றைக் கட்டுகிறோம் என்பதே தெரியாது. ஊராட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டிய பணம் இது. எங்கள் ஊரில் எவ்வளவு வசூலானது, எவ்வளவு போய்ச் சேர்ந்தது, பாக்கி எவ்வளவு என்று கேட்டால் ஊராட்சியில் நூலகத்தைக் கைகாட்டுகிறார்கள், நூலகத்தில் மாவட்டத்தைக் கைகாட்டுகிறார்கள். நூலகரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கே அந்தக் கணக்கு வருவதில்லை.

இந்தியாவில் மாநிலங்களுக்கெல்லாம் முன்னால், 1948-லேயே, பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாநிலம்தான். அதற்குப் பின்னால் நின்றவர் இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன். 2010-இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தது, 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. சந்தோஷம், எங்கள் பிள்ளைகளும் மதுரைக்குப் போய்ப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டுத்தான் வந்தார்கள். ஆனால் தினமும் மதுரைக்குப் போக முடியுமா? துறையைப் புதுப்பிக்கிறோம் என்றால் வேலை கீழேயிருந்து, ஒற்றை அறையும் ஒற்றை ஆளுமாக ஓடும் நூலகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் எங்கள் மனு.

முதலில் நேரம். எங்கள் நூலகம் காலை ஒன்பதரைக்குத் திறந்து பன்னிரண்டரைக்குப் பூட்டுகிறது. அந்த மூன்று மணி நேரத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், நூறு நாள் வேலைக்காரர்கள் ஏரியில், மற்றவர்கள் வயலிலும் கம்பெனியிலும். உள்ளே பேப்பர் படிக்கும் நான்கு பெரியவர்கள் மட்டும்தான், அவர்களும் பத்தரைக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் ‘வாசகர் வருகை குறைவு’ என்று பதிவேட்டில் ஏறினால் அது யார் தப்பு? மாலை நான்கு முதல் எட்டு வரை திறக்கச் சொல்லுங்கள். எல்லா ஊருக்கும் ஒரே நேரம் வேண்டாம், மாவட்ட நூலக அலுவலரும் வாசகர் வட்டமும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு சுற்றறிக்கை போட்டாலே போதும், இதற்குப் பைசா செலவில்லை.

அடுத்தது புத்தகம். மேலிருந்து கட்டு வருகிறது, பிரித்தால் ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ வகையறா மூன்று பிரதி, யாரும் கேட்காத கட்டுரைத் தொகுப்பு நான்கு பிரதி. குரூப் 4 எழுதும் பெண்கள் ஐந்தாறு பேர் வருகிறார்கள், அவர்களுக்கு வேண்டியது ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பள்ளிப் பாடப்புத்தகம். அது ஒரு செட்கூட முழுசாக இல்லை, ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். இது சென்னையில் உட்கார்ந்திருக்கும் தேர்வுக் குழுவுக்குத் தெரிய வாய்ப்பில்லை, எங்கள் நூலகருக்குத் தெரியும். நூல் வாங்கும் பணத்தில் கால் பங்கையாவது அந்தந்த நூலகத்துக்கு ஒதுக்குங்கள். மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறதே, நூலகரும் வாசகர்கள் இரண்டு பேரும் அங்கே போய்ப் பார்த்து, புரட்டி, வாங்கி வரட்டும். முறைகேடு நடக்கும் என்ற பயம் இருந்தால் வாங்கிய பட்டியலை நூலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்.

கட்டட விஷயம்தான் இன்னும் வேடிக்கை. 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் நடந்தது, 12,618 ஊராட்சிகளைத் தொட்ட திட்டம், எங்கள் ஊருக்கும் ஒரு நூலகக் கட்டடம் கிடைத்தது. அது ஊரக வளர்ச்சித் துறையின் சொத்து. இப்போது அதற்குள் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் எரிந்துபோன தெருவிளக்குகளும் இருக்கின்றன. உங்கள் துறையின் ஊர்ப்புற நூலகமோ இரண்டு தெரு தள்ளி, மழை பெய்தால் ஒழுகும் வாடகை அறையில். நூலகம் இல்லாத கட்டடம் ஒன்று, கட்டடம் இல்லாத நூலகம் ஒன்று. இரண்டு துறைச் செயலாளர்களும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் தீரும், ஆனால் அந்தப் பேச்சை யாராவது ஒருவர் ஆரம்பிக்க வேண்டும், அது நீங்களாக இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

ஊர்ப்புற நூலகர்கள் காலமுறை ஊதியம் கேட்டு வருவது பழைய கதை, உங்களுக்குத் தெரியாததல்ல. மாலை நேரமும் கூடுதல் பொறுப்பும் அவர்கள் தலையில் ஏறுவதால் அதையும் இதோடு சேர்த்தே முடித்து வையுங்கள்.

நூலக வரிக் கணக்கை ஊராட்சி வாரியாக, வசூல், செலுத்தியது, நிலுவை என மூன்று பத்தியில், இந்த நிதியாண்டுக்குள் இயக்கக இணையதளத்தில் போட்டுவிடுங்கள். நேர மாற்றத்தை எங்கள் ஒன்றியத்திலேயே மூன்று மாதம் சோதனையாக நடத்திப் பார்க்கலாம். பூட்டும் பொறுப்பில் நூலகருக்கு உதவ வாசகர் வட்டத்திலிருந்து ஆள் தருகிறோம். வாசகர்களின் கையெழுத்துப் பட்டியலை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்தினர்

நகல்: மாவட்ட ஆட்சியர், மாவட்ட நூலக அலுவலர்