மாஸ்டரில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அலுவலகங்கள் காகிதத்தை விட்டு சாஃப்ட்வேருக்கு மாறுவதைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய கட்டுரைகள் வருகின்றன. அந்த சாஃப்ட்வேருக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து என்ட்ரி போடுகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிற ஒரு சிக்கலைப் பற்றி மட்டும் நான் எங்கேயும் படித்ததில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். நான் கணக்குப் பிரிவில் பில் பாஸ் செய்கிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன்.

"ஒரு இடத்தில் மாற்றினால் போதும், எல்லா இடத்திலும் தானாக அப்டேட் ஆகிவிடும்" என்று சொல்லித்தான் எங்களுக்கு அந்த சாஃப்ட்வேரைக் காட்டினார்கள். நாங்களும் நம்பினோம். எங்களுக்குப் பொருளோ சேவையோ தருகிற வெண்டர் ஒருவர் தன் பழைய வங்கிக் கணக்கை மூடிவிட்டுப் புதுக் கணக்கு எண்ணைக் கொடுத்தபோது, நான்தான் வெண்டர் மாஸ்டரை, அதாவது எல்லா வெண்டர்களின் விவரமும் இருக்கும் மூலப் பதிவேட்டைத் திறந்து மாற்றினேன், இரண்டு தடவை சரிபார்த்துத்தான் சேவ் செய்தேன். அவருடைய பில் ஒன்று அப்போது அப்ரூவலில் நின்றிருந்தது. பணம் அனுப்பும் ஃபார்மில் வெண்டர் பெயரைத் தேர்ந்தெடுத்தவுடன் கணக்கு எண் தானாக வந்து உட்காரும், அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் இருக்கும், அதில் எதுவும் டைப் செய்ய முடியாது. கை வைக்க முடியாத கட்டம் என்றால் மாஸ்டரிலிருந்து நேராக வருகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆனால் பில் பதிவான அன்றைக்கே அந்த எண் காப்பி ஆகி அப்படியே நின்றுவிட்டிருந்தது. பணம் மூடிய கணக்குக்குப் போய்த் திரும்பி வந்தது. அவர் தன் ஆட்களுக்குச் சம்பளம் போட வேண்டிய வாரம் அது. போனில் அவர் குரலைக் கேட்டு எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை, ஏனென்றால் நான் மாற்றியது உண்மை, அது போய்ச் சேராததும் உண்மை.

சரி, எல்லாவற்றையும் மாஸ்டரோடு லிங்க் செய்துவிடுங்கள் என்று கேட்டோம், செய்து கொடுத்தார்கள். அடுத்த சில மாதங்களில் ஒரு பொருளின் விலையை மாஸ்டரில் மாற்றினோம். ஆடிட்டர் கேட்டாரென்று பழைய இன்வாய்ஸ் ஒன்றைத் திரும்ப பிரிண்ட் எடுத்தால் அதில் புது விலை! வாடிக்கையாளரிடம் இருக்கும் தாளில் ஒரு தொகை, எங்கள் ஸ்கிரீனில் வேறு தொகை. முதல் தவறுக்குக் காரணம் மாற வேண்டியது மாறாதது, இரண்டாவதற்குக் காரணம் மாறக்கூடாதது மாறியது.

எக்செல் தெரிந்தவர்களுக்கு இது ஒரு நிமிடத்தில் புரியும். ஒரு கட்டத்தில் ஃபார்முலா போட்டால் மூலம் மாறும்போதெல்லாம் அதுவும் மாறும், அதையே பேஸ்ட் வேல்யூஸ் என்று ஒட்டினால் அன்றைய மதிப்பு அப்படியே தங்கிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் எக்செலில் கட்டத்தைக் கிளிக் செய்தால் மேலே இருக்கும் பட்டையில் ஃபார்முலாவா வெறும் எண்ணா என்று தெரிந்துவிடும். எங்கள் ஃபார்மில் அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இது புதிதாக முளைத்த பிரச்சினையும் இல்லை. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் ரிலேஷனல் டேட்டாபேஸுக்கான (தகவல்களை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக வைக்கும் முறைக்கான) அடிப்படையை எழுதியதிலிருந்து, ஒரே தகவலைப் பத்து இடத்தில் எழுதி வைக்காமல் ஒரு இடத்தில் வைத்து மற்ற இடங்களிலிருந்து சுட்டுவதுதான் முறை என்று இந்தத் துறையில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது சரியான முறைதான். ஆனால் இன்வாய்ஸில் இருக்கும் விலை என்பது பொருளின் விலை இல்லை, அந்த நாளில் அந்த வியாபாரத்தில் பேசி முடித்த விலை. அது தனித் தகவல், அதைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். பெரிய சாஃப்ட்வேர்களில் இரண்டுக்குமே வழி இருக்கிறது: மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸில் ஒரு ரெக்கார்டிலிருந்து, அதாவது ஒரு பதிவிலிருந்து, அதோடு சேர்ந்த இன்னொன்றை உருவாக்கும்போது மேப்பிங் (எந்தக் கட்டத்தின் மதிப்பு எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்ற பொருத்தம்) வழியாக ஃபீல்டுகள் என்கிற கட்டங்கள் நிரம்புவது அந்த ஒரு தடவைதான், சேல்ஸ்ஃபோர்ஸின் ஃபார்முலா ஃபீல்டோ எதையும் சேமித்து வைக்காமல் பார்க்கும்போதெல்லாம் கணக்கிட்டுக் காட்டும். எந்தக் கட்டத்துக்கு எது என்று உட்கார்ந்து முடிவு செய்கிற வேலைதான் பல இடங்களில் நடப்பதே இல்லை. அந்த முடிவை எடுக்க பில் போடுகிறவரையும் பில் பாஸ் செய்கிறவரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், புரோகிராம் எழுதுகிறவருக்கு அது தானாகத் தெரிந்திருக்காது, அது அவர் குற்றமும் இல்லை.

எனக்கு இன்னும் பயமாக இருப்பது அப்ரூவல் விஷயம். மேலாளர் ஒரு தொகையைப் பார்த்து அப்ரூவ் கொடுக்கிறார், அதற்கப்புறம் எங்கோ ஒரு வரி விகிதமோ அளவோ மாறி, லிங்க் வழியாகத் தொகையும் மாறிவிடுகிறது, அப்ரூவ்ட் என்ற பச்சை முத்திரை மட்டும் அப்படியே நிற்கிறது. அவர் பார்க்காத தொகைக்கு அவர் கையெழுத்து! அப்ரூவ் ஆனபிறகு தொகை நகர்ந்தால் அந்த அப்ரூவல் தானாக ரத்தாகி அவரிடமே திரும்பிப் போக வேண்டும், இதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, நான் மாஸ்டரில் ஒரு முகவரியைத் திருத்தினேன், அதனால் நான் திறந்தே பார்க்காத நாற்பது ரெக்கார்டுகள் மாறின, யார் எப்போது மாற்றினார் என்று காட்டும் ஹிஸ்டரியில் நாற்பதிலும் "மாற்றியவர்" என்று என் பெயர். மனிதர் கையால் மாற்றியதையும் சிஸ்டம் தொடர்ச்சியாக மாற்றியதையும் ஹிஸ்டரியில் பிரித்துக் காட்டாவிட்டால், நாளைக்கு விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியது கீழே உட்கார்ந்திருக்கிறவர்தான். ஏ மாறினால் பி மாறும், பி மாறினால் ஏ மாறும் என்று இருவர் தனித்தனியாக விதி போட்டுவைத்து, சேவ் பட்டனை அழுத்தினால் சுற்றிக்கொண்டே நின்ற நாளும் உண்டு.

நாங்கள் பலமுறை கேட்டபிறகு ஒரு சின்ன மாற்றம் செய்து கொடுத்தார்கள். கணக்கு எண் கட்டத்துக்குக் கீழே எந்தத் தேதியில் மாஸ்டரிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி வருகிறது, மாஸ்டரில் இப்போது வேறு எண் இருந்தால் அந்த வரி சிவப்பாகிறது, பக்கத்தில் "புதியதை எடு" என்ற பட்டனும் இருக்கிறது. எண் தானாக மாறாது, அழுத்துகிறவர் பார்த்துவிட்டுத்தான் அழுத்துவார், அழுத்தியது யார் என்பதும் பதிவாகிறது. போன வாரம்கூட ஒரு பில்லில் அந்த வரி சிவப்பாக நின்றது, வெண்டருக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பட்டனை அழுத்தினேன்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இதைப் பற்றி விவரமாக ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாஃப்ட்வேர் வாங்கப் போகிற நிறுவனங்கள், டெமோவிலேயே பாதியில் நிற்கும் ஒரு பில்லை எடுத்து வைத்து, மாஸ்டரை மாற்றி, இப்போது இதில் என்ன ஆகும் என்று காட்டச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்