புரோட்டா பந்தயம்

ஜெர்சி சிட்டி,
ஏப்ரல் 26, 2026

அன்புள்ள சேவியர்,

திட்டிக்கொண்டே படி, ஆனால் முழுசாகப் படி. உன் அம்மா போன செய்திக்கு வாட்ஸப்பில் இரண்டு வரி அனுப்பியதோடு சரி. அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் ஏழு மாதத்தைக் கடத்திவிட்டேன். அந்த 94-ல், அமெரிக்காவில் ஃபுட்பால் உலகக் கோப்பை நடந்தபோது, வாசகசாலைத் திண்ணைக்கு ராத்திரி ஒன்றரை மணிக்குத் தூக்குவாளியில் கட்டன் சாயா கொண்டுவந்து, "கோல் விழுந்தா சத்தம் போடாதீங்கல, சாமியார் தூங்குறார்" என்று சொன்ன முகம்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. இதை அன்றைக்கே எழுதியிருக்கலாம்.

இங்கே எல்லோரும் சுகம். முட்டி வலி இருக்கிறது, வேலையும் இருக்கிறது. போதும்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பந்தயம். கட்டையன் இன்னும் என்னைக் கடன்காரன் என்றே சொல்லித் திரிகிறானாம். பத்து புரோட்டா, இரண்டு பீஃப். "அமெரிக்காக்காரன் ஒருநாளும் இந்த ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்க்கமாட்டான்" என்றாய் நீ. பார்ப்பான் என்றேன் நான். உலகக் கோப்பை முடிந்து 52 ஆட்டத்துக்கு 35 லட்சத்துக்கும் மேல் ஆள் வந்தது என்று பேப்பரில் வந்ததும் புரோட்டா கேட்டு உன் வீட்டு வாசலில் நின்றேன். அப்போது நீ சொன்னாய்: "மக்கா, இது திருவிழாக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எத்தனை பேர் வாறாங்கன்னு பார்த்துட்டு வா."

பார்க்க எனக்கு முப்பத்திரண்டு வருஷமாகிவிட்டது.

திருவிழா நடத்துவதில் இந்த ஊரை மிஞ்ச ஆளில்லை. என் வீட்டிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில்தான் ஜயன்ட்ஸ் ஸ்டேடியம் இருந்தது. 1975-ல் நியூயார்க் காஸ்மோஸ் என்ற அணிக்குப் பெலேயைக் கூட்டிவந்தார்கள். பின்னாலேயே பெக்கன்பவர், கார்லோஸ் ஆல்பர்ட்டோ என்று மற்ற நட்சத்திரங்கள். 1977 ஆகஸ்டில் காஸ்மோஸ் ஆடிய ஓர் ஆட்டத்துக்கு 77,691 பேர். அக்டோபரில் பெலே விடைபெற்றார், பாதி ஆட்டம் காஸ்மோஸுக்கு, பாதி அவருடைய பழைய பிரேசில் அணி சான்டோஸுக்கு. அடுத்த வருஷமே காஸ்மோஸ் ஆடிய லீக்கை 24 அணியாக ஊதிப் பெருக்கினார்கள். ஆள் வந்தது பெலேயைப் பார்க்க. அவர் போனதும் கூட்டமும் போயிற்று. 1984 சீசனோடு கடையைச் சாத்திவிட்டார்கள். அந்த ஸ்டேடியத்தையும் பின்னால் இடித்து, இருந்த இடத்தை வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். பக்கத்தில் கட்டிய புது ஸ்டேடியத்தில்தான் வரும் ஜூலை 19 இறுதி ஆட்டம்.

94-லும் பார். தொடக்க நாளன்று பாடகி டயானா ராஸ் அடித்த பெனால்டி வெளியே போயும் கோல்போஸ்ட் தானாகவே இரண்டாகப் பிளந்ததே, நீ ஒரு மாசம் நடித்துக் காட்டினாயே! அன்று சாயங்காலம் இந்த நாடு டிவியில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். கொலை வழக்கில் தேடப்பட்ட பழைய விளையாட்டு நட்சத்திரம் ஓ.ஜே. சிம்ப்ஸன் போன வெள்ளைக் காரை போலீஸ் துரத்தியதை.

சரி, ஞாயிறு பூசைக்கு வருவோம். 1996-ல் பத்து அணியோடு இப்போதைய லீக்கைத் தொடங்கினார்கள். அமெரிக்காக்காரனுக்குப் பிடிக்க வேண்டும் என்று கடிகாரத்தைப் பின்னோக்கி ஓடவிட்டார்கள். டிரா ஆனால் பிடிக்காதாம், அதனால் 35 கஜத்திலிருந்து ஓடிவந்து கோலியை ஏய்த்து அடிக்கும் ஷூட்டவுட். ஆட்டம் தெரிந்தவன் சிரித்தான், தெரியாதவன் வரவே இல்லை. 1999-ஓடு அந்தக் கூத்தை நிறுத்தினார்கள். 2002-ல் ஃபுளோரிடாவின் இரண்டு அணியையும் கலைத்துவிட்டு மறுபடி பத்துக்கே வந்தார்கள். அன்றைக்கு நீ கேட்டிருந்தால் புரோட்டாவை எண்ணி வைத்திருப்பேன்.

இப்போது அணி முப்பது. கடைசியாகச் சேர்ந்த சான் டியாகோ உள்ளே நுழையக் கொடுத்தது 50 கோடி டாலர். 2024-ல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 23 ஆயிரம் பேருக்கு மேல். சின்னக் கணக்கில்லை. ஆனால் அதற்குள்ளேயும் ஒரு திருவிழா ஒளிந்திருக்கிறது. மெஸ்ஸி 2023 ஜூலையில் மயாமிக்கு வந்தான் அல்லவா, முதல் ஆட்டத்திலேயே 94-ஆவது நிமிஷத்தில் ஃப்ரீகிக்கில் கோல். அவன் வருகிறான் என்றதும் கன்சாஸ் சிட்டிக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை ஊரில் இருக்கிற பெரிய ஸ்டேடியத்துக்கே மாற்றினார்கள். 72,610 பேர். பெலே கதையை மறுபடி பார்க்கிற மாதிரி எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவன் ஓய்வு பெறும் நாளன்று அந்த மயாமி இளஞ்சிவப்புச் சட்டைகளெல்லாம் எங்கே போகும்?

உனக்கு ரத்தம் கொதிக்கிற ஒன்று சொல்கிறேன். இங்கே கடைசி இடத்தில் வந்தாலும் ஒன்றும் ஆகாது. கீழ் டிவிஷனுக்கு இறக்கமாட்டார்கள். அடுத்த வருஷமும் அதே அணி, அதே லீக். 50 கோடி கொடுத்தவனைக் கீழே இறக்கினால் எவன் பணம் போடுவான்? முதலாளி நிம்மதியாகத் தூங்குகிறான், சரி, பார்க்கிறவன் எதற்குப் பதறுவான்? நம் கடற்கரை டோர்னமென்டில் தோற்று மூன்று மாசம் அந்த ஊர்ப் பக்கம் பஸ்ஸில்கூடப் போகாமல் இருந்தோமே. அந்த அவமானம் இல்லாமல் ஒருத்தன் எப்படி ரசிகனாவான் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இன்னொன்று, விளம்பரம். இவர்களுடைய ஃபுட்பால், அந்தக் கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம், மூன்று மணி நேரம் ஓடும், அதில் பந்து நகர்கிற நேரம் கால்மணி தேறாது. மீதி நேரமெல்லாம் பீரும் லாரியும் விற்பார்கள். நம் ஆட்டமோ 45 நிமிஷம் மூச்சு விடாது. இந்த உலகக் கோப்பையில் ஒவ்வொரு பாதிக்கும் நடுவில் தண்ணீர் குடிக்க மூன்று நிமிஷம் நிறுத்தப்போகிறார்களாம், வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். யாருடைய தாகம் என்று உனக்கே தெரியும்.

ஆனால் இந்த ஊரில் நம் ஃபுட்பால் பார்க்கிறவன் இல்லை என்று மட்டும் சொல்லாதே. சனிக்கிழமை காலை ஏழரைக்கு இங்கிலாந்து ஆட்டம் போடும் பாரில் உட்கார இடம் கிடைக்காது. மெக்சிகோ லீக்கைப் பார்க்கும் கூட்டம் அதைவிடப் பெரிசு. அவரவர் பூசை அவரவர் சொந்த ஊர்க் கோவிலில், டிவி வழியாக. இவர்களுக்குப் பார்க்கத் தெரியும். பக்கத்துத் தெரு கோவிலுக்குத்தான் வரமாட்டார்கள்.

கார்னி என்ற ஊர் இங்கிருந்து ஏழெட்டு மைல். ஸ்காட்லாந்திலிருந்து நூல் மில்லுக்கு வேலைக்கு வந்தவர்கள் பந்தையும் கொண்டுவந்து இறக்கிய ஊர். 94-ல் பிரேசிலின் லியோனார்டோ முழங்கையால் இடித்துச் சாய்த்தானே, அமெரிக்க அணியின் டாப் ராமோஸ், அவன் வளர்ந்தது அங்கேதான். அதே அணியில் ஆடிய ஹார்க்ஸும் கோல்கீப்பர் மியோலாவும் அதே ஊர். மூன்று பேரும் தெருவில் ஆடி வந்தவர்கள். இப்போது என் மகள் ஆடும் கிளப்புக்கு வருஷத்துக்கு மூவாயிரம் டாலருக்கு மேல் அழுகிறேன், சட்டை தனி, பயணம் தனி. கட்டையன் இங்கே பிறந்திருந்தால் பந்தைத் தொட்டிருக்கவே மாட்டான். இதை நினைத்தால் சில ராத்திரி தூக்கம் வருவதில்லை.

மகளைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை நீட்டினேன். பன்னிரண்டு வயசு. ஆடுகிற பிள்ளைகள் பார்க்க உட்காராது என்பது இங்கே என் அனுபவம். எட்டு வயசில் எல்லாக் குழந்தையும் ஆடும், பதினைந்தில் விட்டுவிடும். இவளோ போன வருஷம் என்னை ஹாரிசன் என்ற ஊரில் இருக்கிற ஸ்டேடியத்துக்கு ஆறேழு தடவை இழுத்துக்கொண்டு போனாள். ஆண்கள் ஆட்டத்துக்கு இல்லை, காத்தம் என்ற பெண்கள் அணிக்கு. பாத் ரயிலில் இருபது நிமிஷம். முதல் நாள் நான் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். ஒரு கார்னர் தவறிப்போனதும் "அவள் இடதுகாலி அப்பா, அந்தப் பக்கத்திலிருந்து ஏன் அடிக்கவிடுகிறார்கள்?" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி.

கோல் இல்லாமல் முடிந்த ஆட்டத்துக்கும் போனோம், மழையிலும் போனோம். தோற்ற அன்று வீடு வரைக்கும் அவள் பேசவில்லை. அந்த முகத்தை நான் எங்கே பார்த்திருக்கிறேன் சொல்லு? அணி எட்டாவதாகத்தான் பிளே ஆஃபுக்குள் நுழைந்தது. நவம்பரில் இறுதி ஆட்டத்தில் 1–0 என்று ஜெயித்தபோது சோபாவில் நின்று அவள் போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் வந்துவிட்டார். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே ஒரு கோவிலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள்.

அதனால் பாதி பந்தயம் எனக்கு. ஐந்து புரோட்டா, ஒரு பீஃப். மீதிக்கு மெஸ்ஸி போன மறுவருஷம் பேசலாம்.

இறுதி ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்தாயா என்று கேட்காதே. ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறான். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு வீட்டு டிவியில்தான் பார்க்கப்போகிறேன். இங்கே மத்தியானம் மூன்று மணி, உனக்கு மறுபடியும் நள்ளிரவு பன்னிரண்டரை. வாசகசாலையில் போடுவார்கள்தானே? கட்டையனையும் கூட்டிக்கொள். ஒன்று மட்டும்: கோல் விழுந்ததும் எனக்குப் போன் பண்ணிவிடாதே. என் டிவி இன்டர்நெட்டில் ஓடுவது, அரை நிமிஷம் பிந்தித்தான் வரும்.

அன்புடன்,
உன் கடன்காரன்