தேன் ஐ-யா, தேன் மீ-யா?

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நல்லது, மாடிப்படி ஏறுவதை மட்டும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு. எனக்குக் குறை ஒன்றுமில்லை, பொடி எழுத்தைப் பார்த்தால் மட்டும் கண் முரண்டு பிடிக்கிறது.

சரி, உன் மகள் விஷயம். ஆங்கிலத் தேர்வில் 'ஷி இஸ் டாலர் தேன் மீ' (She is taller than me) என்று எழுதியதற்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள் என்று கொதித்திருக்கிறாய். திருத்தியவர் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறதப்பா. 'தேன்' (than) இரண்டு வாக்கியங்களை இணைக்கும் சொல், கடைசியில் ஒரு 'ஆம்' (am) மறைந்து நிற்கிறது, ஆகவே 'தேன் ஐ' (than I)தான் வர வேண்டும் என்பது அந்தக் கட்சி. பின்னாளில் லண்டன் பிஷப்பாக ஆன ராபர்ட் லவுத் 1762-இல் வெளியிட்ட இலக்கண நூலில் இதைத்தான் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், 'தேன் ஹூம்' (than whom) என்பதை மட்டும் அவரே விதிவிலக்காக ஏற்றுக்கொண்டார்! அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஷேக்ஸ்பியர், ஜூலியஸ் சீசர் நாடகத்தில் கேஷியஸ் வாயிலாக 'தேன் தைசெல்ஃப் ஆர் மீ' (than thyself or me) என்று எழுதியிருக்கிறார். இன்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே சாதாரணப் பேச்சில் 'தேன் மீ' என்றுதான் சொல்கிறார்கள், மொட்டையாக 'தேன் ஐ' என்றால் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது. என்னைக் கேட்டால் உன் மகள் எழுதியது தப்பே இல்லை.

ஆனால் அர்த்தமே மாறிப்போகிற இடம் ஒன்று உண்டு, அங்கேதான் கவனம் வேண்டும். 'ஷி லைக்ஸ் ஹிம் மோர் தேன் ஐ' என்றால் எனக்கு அவன்மேல் இருக்கும் பிரியத்தைவிட அவளுக்கு அதிகம் இருக்கிறது என்று பொருள். 'தேன் மீ' என்று முடித்தால் அவள் என்மேல் வைத்திருப்பதைவிட அவன்மேல் அதிகம் வைத்திருக்கிறாள் என்றும் படிக்கலாம், குடும்பத்துக்குள் சண்டை மூட்ட இது போதும். (தமிழில் 'என்னைவிட' என்று சொல்லும்போதும் இதே குழப்பம்தான், நாம் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம்.) இதற்கு ஒரே வழி, வினைச்சொல்லைச் சேர்த்துவிடுவது: 'தேன் ஐ டூ'. அல்லது 'தேன் ஷி லைக்ஸ் மீ'. 'ஆஸ் டால் ஆஸ் ஐ ஆம்' என்பதற்கும் இதே மருந்துதான்.

இதையெல்லாம்விட எனக்கு எரிச்சல் தருவது வேறொன்று. 'மை சேலரி இஸ் ஹையர் தேன் யூ' என்று நன்றாகப் படித்தவர்களே எழுதுகிறார்கள். சம்பளத்தைச் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டாமா? ஆளோடு ஒப்பிட்டால் எப்படி? 'யுவர்ஸ்' வர வேண்டும். 'ஐ'யா 'மீ'யா என்று மல்லுக்கட்டுகிறவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. 'சீனியர் டு மீ' என்பதில் இந்த வம்பே கிடையாது, 'டு' வந்தாலே 'மீ'தான்.

அப்புறம், தேர்வில் மட்டும் வீம்பு வேண்டாம், 'தேன் ஐ ஆம்' என்று முழுசாக எழுதச் சொல், எந்தக் கட்சிக்காரரும் கை வைக்க முடியாது. அந்த விடைத்தாளை போட்டோ எடுத்து அனுப்பு, வேறு எங்கெல்லாம் சிவப்பு மை ஓடியிருக்கிறது என்று பார்க்கலாம்.

அன்புடன்,
ராமு