கர்ப்பிணியின் புகையிலைப் பழக்கம்: வீட்டார் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பிணிக்குப் போதைப் பழக்கம் உண்டா என்று கேட்டால் ‘அதெல்லாம் இல்லைங்க’ என்றுதான் பதில் வரும். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையையும் உதட்டுக்குள் அடக்கும் ஹான்ஸ் புகையிலையையும் யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நடவுக்கும் கட்டட வேலைக்கும் போகும் பெண்கள் பசியை அடக்கவும் பல்வலிக்கும் தொடங்கிய பழக்கம், மசக்கைக் குமட்டலுக்கும் மருந்தாகிவிடுகிறது.

சுண்ணாம்பின் காரத்தால் நிகோடின் கன்னத்தின் உட்புறம் வழியாகவே வேகமாக ரத்தத்தில் கலக்கிறது. நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தையையும் அடைகிறது. எடைக்குறைவு, குறைப்பிரசவம், வயிற்றிலேயே குழந்தை இறப்பது ஆகிய ஆபத்துகள் கூடுகின்றன. ‘போயிலைய விட்டுடு, வெறும் பாக்கு பரவால்ல’ என்று பெரியவர்கள் சொல்வதும் சரியல்ல. பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும். அதற்கும் மனம் அடிமையாகும்.

‘வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு இதைப் போடறியே’ என்று ஏசினால் சுருக்குப்பை ஒளிந்துகொள்ளும், பழக்கம் அப்படியே இருக்கும். செவிலியரிடமும் மறைப்பார். நிறுத்தும் நாளை அவரே சொல்லட்டும். அன்று வீட்டில் இருக்கும் புகையிலை முழுவதையும், மாமியாருடையது உட்பட, அப்புறப்படுத்துங்கள். கணவர் பீடி பிடிப்பவர் என்றால் அவரும் அன்றே நிறுத்துவது நல்லது; அடுத்தவர் விடும் புகையும் கருவைப் பாதிக்கும்.

சாப்பிட்டு எழுந்ததும், டீ குடித்ததும் கை தானாக இடுப்பைத் தேடும். அந்த வேகம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அப்போது பக்கத்தில் இருப்பவர், ‘வாய் நமநமங்குதா கண்ணு?’ என்று கேட்டு, வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் மெல்ல ஒரு நெல்லிக்காய்த் துண்டோ கொஞ்சம் சோம்போ கொடுத்தால் போதும். முதல் மூன்று நாள்தான் கடுமை. எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கும்.

பலரும் தடுக்கி விழும் இடம் மலச்சிக்கல். புகையிலையை நிறுத்தினாலே குடல் மந்தமாகும். இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்துகொள்ளும். ‘போயிலை போட்டாதான் வெளிக்குப் போகுது’ என்று பழையபடி தொடங்குவது இங்கேதான். இது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்து, தண்ணீர், கீரை, கொய்யாவைக் கூட்டுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் மருந்து கேளுங்கள். இரும்பு மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது. நிகோடின் சூயிங்கத்தைக் கர்ப்பிணிக்காக நீங்களே கடையில் வாங்காதீர்கள். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மதுவுக்கு வழி வேறு. கருவுக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது. ஆனால் தினமும் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, இரண்டு நாளுக்குள் வலிப்புகூட வரலாம். தூக்க மாத்திரை, போதைக்காகப் போடும் வலி மாத்திரை போன்றவற்றையும் திடீரென நிறுத்துவது தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து. இவர்களை மருத்துவமனையில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். ‘தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று விற்கும் குடிமறப்பு மருந்தைக் கர்ப்பிணிக்குக் கொடுப்பது பெருங்கொடுமை. அதில் என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாது. குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்பிராம் என்ற மருந்து அதில் இருந்து, மேலே மதுவும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இத்தகைய விளம்பரங்களை நாளிதழ்கள் ஏற்கவே கூடாது என்று கேட்டுக்கொள்கிறோம்.

புகையிலையை விட 1800-11-2356, மற்ற போதைப் பழக்கங்களுக்கு 14446 ஆகிய கட்டணமில்லா எண்களில் ஆலோசனை கிடைக்கும்.

பிரசவத்துக்குப் பிறகும் கண்ணாக இருங்கள். பத்தியச் சாப்பாடு செரிக்க வெற்றிலை மடித்துக் கொடுக்கும் வழக்கத்தில்தான் புகையிலை பலருக்குத் திரும்ப வருகிறது. நிகோடின் தாய்ப்பாலிலும் கலக்கும். செரிமானத்துக்கு ஓமத் தண்ணீரோ இஞ்சிச் சாறோ கொடுங்கள்.

இப்படிக்கு,
கிராம சுகாதாரச் செவிலியர்கள் இருவர்,
தருமபுரி மாவட்டம்.