எடைக் குறைப்பு அறுவைக்கு முன் எழும் அச்சத்துக்குச் செவிகொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024 ஏப்ரல் மாதம் சென்னைப் புறநகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்த ஓர் இளைஞர் உயிரிழந்ததும், அதுகுறித்து அரசு விசாரணைக்கு உத்தரவிட்டதும் நாளிதழ்களில் விரிவாக வெளிவந்தன. அந்த விசாரணை தேவையானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதே நாட்களில் இதே சிகிச்சைக்குத் தேதி வாங்கிக்கொண்டு வீட்டில் காத்திருந்தவர்களும் அந்தச் செய்தியை வாசித்தார்கள். அவர்களுடைய மனநிலையைப் பற்றி நான் வாசித்த வரையில் எங்கும் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையை முன்னிட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை நோயும், உறக்கத்தில் மூச்சு தடைப்படும் ஸ்லீப் ஆப்னியாவும் முற்றியதால் சில ஆண்டுகளுக்கு முன் ‘ஸ்லீவ்’ எனப்படும் இரைப்பைக் குறைப்பு அறுவையைச் செய்துகொண்டேன். அதன்பின் இச்சிகிச்சைக்கு ஆயத்தமாகும் பெண்கள் பலர், உறவினர் வழியாகவும் முன்னாள் மாணவியர் வழியாகவும் என்னிடம் வந்து பேசுகிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் மருத்துவக் கேள்வியாக இருப்பதில்லை. “நான் போய்விட்டால், அழகுக்கு ஆசைப்பட்டு உயிரை விட்டாள் என்று என் பிள்ளைகளிடம் சொல்லுவார்களே அம்மா” என்று ஒரு பெண் என்னிடம் கேட்டார். இந்தச் சிகிச்சைக்கு முன் எழும் அச்சத்தின் வேர் அந்தக் கேள்வியில் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

இதய அறுவைக்குப் போகிறவரை வழியனுப்பத் தெருவே திரண்டு வரும். கோயிலில் அர்ச்சனை நடக்கும். யாராவது ஒருவர் இரவில் துணைக்குப் படுத்துக்கொள்வார். எடைக் குறைப்பு அறுவைக்குப் போகிறவரோ அதைக் குடலிறக்கம் என்றோ பித்தப்பைக் கல் என்றோ மாற்றிச் சொல்லிவிட்டுப் போகிறார். வெளியே தெரிந்தால் “வாயைக் கட்டினால் போதாதா, வயிற்றை வெட்ட வேண்டுமா” என்ற பேச்சு வரும் என்பதே அதற்குக் காரணம். திருமணமாகாத பெண்ணாக இருந்தால் இந்த மறைப்பு இன்னும் இறுக்கமாகிவிடுகிறது. மற்ற நோயாளிகளுக்கு அச்சம் மட்டுமே இருக்கிறது. இவர்களுக்கு அதனுடன் வெட்கமும் சேர்ந்துகொள்கிறது, வெட்கத்தால் வாய் திறக்க முடியாத நிலையில் அச்சம் இரு மடங்காகிறது.

உடல் பருமன் ஒரு நோய் என்பதை நம் வீடுகள் இன்னும் ஏற்கவில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கு அகற்றப்படும்போது அந்தப் பகுதியும் சேர்ந்து போய்விடுகிறது. பல ஆண்டுகள் பட்டினி கிடந்து எடையைக் குறைத்து, குறைத்ததைவிடக் கூடுதலாகத் திரும்பப் பெற்றவர்களே பெரும்பாலும் இச்சிகிச்சைக்கு வருகிறார்கள். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிகள்கூட, மற்ற வழிகள் பலனளிக்காமல் போனபின், உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ என்ற அளவு) 40க்குக் குறையாதவர்களுக்கும், 35க்குக் குறையாமல் கட்டுப்படாத சர்க்கரை நோய், இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா போன்றவை உடையவர்களுக்கும் காப்பீட்டுக்கு இடமளிக்கின்றன. 160 சென்டிமீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ள ஒருவரின் குறியீடு 35ஐத் தாண்டிவிடும். சட்டமே மருத்துவத் தேவை என்று ஏற்றுக்கொண்ட ஒன்றை அழகுக்கான ஆசை என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். தோலுக்கடியிலுள்ள கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன் முற்றிலும் வேறொரு சிகிச்சை. 2022இல் பெங்களூருவில் கொழுப்பு நீக்கச் சிகிச்சைக்குப் பின் ஒரு சின்னத்திரை நடிகை உயிரிழந்த செய்தி வந்தபோதும் பலர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் குழம்பினார்கள்.

இனி, மரண அச்சத்துக்கு வருகிறேன். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், இச்சிகிச்சையை ஒட்டி உயிரிழப்பவர்கள் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவர், அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. பித்தப்பையை அகற்றும் அறுவையின் ஆபத்தோடு ஒப்பிடத்தக்க அளவு இது. மருத்துவர்கள் இந்த எண்ணைச் சொல்லிவிட்டுத் தைரியமாக இருங்கள் என்கிறார்கள். எண் உண்மைதான், ஆனால் அஞ்சி உட்கார்ந்திருப்பவரின் காதில் ஆயிரம் விழுவதில்லை, ஒருவர் என்பதே விழுகிறது. அவரைத் தேற்றுவது வேறு விதமான பேச்சு. அந்த ஒருவருக்கு என்ன நேர்கிறது, அது எனக்கு நேராதிருக்க இந்த மருத்துவமனை என்ன செய்கிறது என்பதை யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும். காலிலோ இடுப்பிலோ உறையும் ரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைக்கலாம். அதற்காகத்தான் அறுவை முடிந்த அன்றே எழுப்பி நடக்க வைக்கிறார்கள், ரத்தம் உறையாதிருக்க ஊசி போடுகிறார்கள், காலுக்கு அழுத்தக் காலுறை மாட்டுகிறார்கள். இரைப்பையைத் தைத்த இடத்தில் கசிவு ஏற்படலாம். அதற்காகத்தான் நாடித்துடிப்பை மீண்டும் மீண்டும் பார்க்கிறார்கள், வீட்டுக்கு வந்தபின்பும் துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டினாலோ, காய்ச்சலோ மூச்சுத்திணறலோ தோன்றினாலோ உடனே வரச் சொல்கிறார்கள். காரணத்தோடு சொல்லப்படும்போது, மிரட்டுவதுபோல் தோன்றிய ஒவ்வொரு ஏற்பாடும் பாதுகாப்பாகத் தெரியத் தொடங்குகிறது. என்னளவில் இது நடந்ததை நான் அறிவேன்.

என்னை அதிகம் வதைத்தது மயக்க மருந்து. உறங்கும்போதே மூச்சு நின்று நின்று வரும் எனக்கு, மயக்கத்திலிருந்து மீள முடியாமல் போய்விடுமோ என்ற எண்ணம் இரவுகளைத் தின்றது. அறுவை மருத்துவரிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. மயக்கவியல் மருத்துவர் ஒரு மாலைப் பொழுதில் வந்து கட்டிலருகே அமர்ந்து, ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கென்றே தாம் எடுத்துக்கொள்ளும் முன்னேற்பாடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைப்பது, ஒவ்வொரு மூச்சிலும் வெளியேறும் கரியமிலவாயுவைக் கருவி அளந்துகொண்டே இருப்பது, முழு விழிப்பு வந்த பிறகே தொண்டை வழியே செலுத்திய மூச்சுக் குழாயை எடுப்பது, சில வாரங்களுக்கு முன்பிருந்தே மூச்சுப் பாதை மூடாதபடி காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் சிபாப் முகமூடியுடன் உறங்கச் சொன்னதன் காரணம் என்று அவர் விளக்க விளக்க என் கைநடுக்கம் குறைந்தது. அச்சம் முழுவதுமாகப் போகவில்லை. ஆனால் எதைக் கண்டு அஞ்சுகிறேன் என்பதற்கு ஓர் உருவம் கிடைத்தது. உருவம் இருப்பதோடு பேச முடியும்.

இந்த உரையாடல் நடக்காத இடத்தில் அச்சம் தானாகவே ஒரு வழி தேடிக்கொள்ளும், அந்த வழி சில சமயம் ஆபத்தானது. உறக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் உண்டு. ஆண்களில் சிலர் மதுவை நாடுகிறார்கள். ஸ்லீப் ஆப்னியா உள்ளவருக்கு இரண்டுமே மூச்சை மேலும் தளர்த்திவிடும். மயக்கவியல் மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மனநல மருத்துவரிடம் ஏற்கெனவே சிகிச்சை பெறுகிறவர்கள், அறுவைக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிடுவார்களோ என அஞ்சித் தங்கள் மாத்திரைகளை மறைத்தோ திடீரென நிறுத்தியோ விடுகிறார்கள். இதுவும் கேடு. அந்த மாத்திரைகளைத் தொடர்வதா, அளவை மாற்றுவதா என்பதை இரு மருத்துவர்களும் கலந்து முடிவு செய்ய வேண்டும். அறுவைக்குப் பிறகு சில மருந்துகள் உடலில் சேரும் அளவே மாறக்கூடும் என்பதால் இது இன்னும் முக்கியமாகிறது.

இன்னொரு வழி, கடைசி விருந்து. இனிமேல் இதையெல்லாம் சாப்பிட முடியாதே என்று உறவினர்களே பிரியாணியும் அல்வாவும் வாங்கி வந்து ஊட்டுகிறார்கள். அன்பினால் செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்கள் மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறைத்து உண்ணச் சொல்வதற்குக் காரணம், வீங்கிய கல்லீரலைச் சுருங்கச் செய்வது. கல்லீரல் இரைப்பைக்கு மேல் படிந்திருக்கிறது. அது பெருத்துக் கிடந்தால் சிறு துளை வழியே செலுத்தும் லேப்ராஸ்கோப்பிக் கருவியால் அதை விலக்கி வேலை செய்வது கடினமாகிறது. விருந்தைத் தேடும் அந்தத் தவிப்புக்கும் செவிகொடுக்க வேண்டும். சோறு நமக்கு வெறும் உணவில்லை; துக்கத்திலும் கொண்டாட்டத்திலும் உடனிருந்த துணை. அதை இழக்கப்போகிறோம் என்ற ஏக்கத்தை அழுது தீர்க்க ஒருவருக்கு இடம் கிடைத்தால், அவர் தட்டில் அதைத் தேடும் தேவை குறையும். உண்மையில் சில மாதங்களில் பந்தியில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக, மென்று உண்ண முடிகிறது. வைட்டமின் பி12, இரும்புச்சத்து, கால்சியம் ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும், முதல் சில மாதங்களில் முடி உதிர்ந்து பின்பு வளரும் என்பதையும், எடை ஓரளவு திரும்பவும் கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நல்லதை மட்டும் சொல்லிப் போக்கிய அச்சம், பின்னால் ஏமாற்றமாகத் திரும்பி வருகிறது.

தனியாகச் செய்யக்கூடியவையும் சில உண்டு. நுரையீரலைப் பலப்படுத்த மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுப்பார்கள். அதைக் கடமைக்கு ஊதாமல், வேளை தவறாமல் இழுத்துப் பழகினால் அறுவைக்குப் பின் நுரையீரல் விரைவாக விரியும். மனம் பதறும் நேரத்தில் மூச்சில் கவனத்தை நிறுத்தவும் அது உதவும். தினமும் நடப்பதும் அப்படியே. என்னிடம் பேசியவர்கள் பலர், செய்வதற்கு ஒன்று கிடைத்தபோது அச்சம் சற்றே விலகி நின்றதாகச் சொல்லியிருக்கிறார்கள். மனத்தில் எழும் கேள்விகளைத் தாளில் எழுதி மருத்துவரிடம் எடுத்துச் செல்வது நல்லது: இவர் இத்தகைய அறுவைகளை ஆண்டுக்கு எத்தனை செய்கிறார், தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளதா, இரவுப் பணியில் யார் இருப்பார், வீட்டுக்கு வந்தபின் நள்ளிரவில் வலித்தால் யாரை அழைப்பது. இவற்றைக் கேட்பதற்கு எந்த நோயாளியும் தயங்க வேண்டியதில்லை. முகம் சுளிக்கும் மருத்துவரிடம் உடம்பை ஒப்படைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பதில்கள் கிடைத்த பின்னும் படபடப்பும் உறக்கமின்மையும் நாட்கணக்கில் நீடித்தால், அது மனநல மருத்துவரின் உதவி தேவைப்படும் நிலை. அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலோருக்கு இது அவசர அறுவை அன்று. தேதியைத் தள்ளிவைக்கலாம், வேண்டாம் என்றும் முடிவு செய்யலாம். அப்படிச் செய்பவர் கோழை அல்லர். முன்பணம் கட்டியாகிவிட்டது, சலுகைக் கட்டணம் இந்த மாதத்தோடு முடிகிறது என்ற காரணங்களால் ஒருவர் அறுவை அரங்குக்குள் தள்ளப்படுவது அநீதி. எத்தனை கிலோ குறையும் என்று விளம்பரம் செய்யும் மருத்துவமனைகள், என்னென்ன நேரக்கூடும் என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும்.

ஆகவே சுகாதாரத் துறைக்கும் மருத்துவமனைகளுக்கும் என் வேண்டுகோள் இது. ஒப்புதல் படிவத்தை அறுவைக்கு முந்தைய இரவில், அதுவும் ஆங்கிலத்தில் நீட்டிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். தெளிவான தமிழில் எழுதி, குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். மயக்கவியல் மருத்துவருடனும் மனநல ஆலோசகருடனும் தனித்தனியே பேச நேரம் ஒதுக்குங்கள். அந்த ஆலோசனை தகுதிச் சான்றுக்கான சடங்காக முடிந்துவிடக் கூடாது. ஏற்கெனவே இச்சிகிச்சை செய்துகொண்ட ஒருவரிடம் பேச விரும்புகிறவர்களுக்கு அதற்கும் வழி செய்யுங்கள். என்னைப் போன்றவர்கள் மகிழ்ச்சியோடு வருவோம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். இத்தகைய இறப்பு நேரும்போது, ‘மெலிய ஆசைப்பட்டு உயிரிழப்பு’ என்ற தொனியில் தலைப்பிட வேண்டாம். மருத்துவமனையின் பொறுப்பைத் தயங்காமல் கேள்வி கேளுங்கள். இறந்தவரின் விருப்பத்தைக் குற்றமாக்காதீர்கள். அந்தச் செய்தியின் கீழேயே, சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று நான்கு வரிகள் வெளியிட்டால், அன்று இரவு உறக்கமின்றிக் கிடக்கும் சிலருக்காவது அது உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
திருச்சிராப்பள்ளி.